ஆடம் பிங்க்ஹர்ஸ்டின் கை

இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' இன்று நம் கையில் இருப்பதற்கு முதன்மைச் சான்றுகள் இரண்டு: வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள ஹெங்கர்ட் பிரதி, கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ள எல்ஸ்மியர் பிரதி. முன்னது எளிமையானது. பின்னது பொன் பூசி, கதை சொல்லும் யாத்ரீகர்களின் உருவங்களை ஓரத்தில் தீட்டிய ஆடம்பரப் படைப்பு. இரண்டையும் எழுதியது ஒரே ஆள் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். எழுதியவர் பெயர் இரண்டிலும் இல்லை. எழுத்தின் வடிவம்தான் சாட்சி.

இந்த முறையின் வலிமையை 1978இல் சுவடி அறிஞர்கள் ஏ.ஐ. டாயிலும் எம்.பி. பார்க்ஸும் காட்டினார்கள். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் உள்ள கவிஞர் கவரின் காவியப் பிரதி ஒன்றில் ஐந்து பேரின் 'கைகளை', அதாவது கையெழுத்துகளைப் பிரித்து, அவர்களுக்கு 'ஏ' முதல் 'ஈ' வரை அடையாள எழுத்து கொடுத்தார்கள். அவர்களில் 'பி' எழுத்தரே சாசரின் அவ்விரு பிரதிகளையும் எழுதியவர் என்றார்கள். 'ஈ' எழுத்தர், கவிஞர் தாமஸ் ஹாக்லீவ். ஹாக்லீவ் தன் கைப்பட எழுதிய கவிதைப் பிரதிகள் எஞ்சியிருப்பதால், அந்த முடிவுக்கு உரைகல் இருந்தது. 'பி'க்கு அப்படி ஒன்று இல்லாததால் பெயர் சூட்டாமல் விட்டார்கள். அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அன்றைய இங்கிலாந்தில் பரவலாக இருந்தது ஆங்கிலிகானா என்ற எழுத்துமுறை. அதில் 'ஜி' 8 போல இரு சுழியாக இருக்கும். 'ஏ' இரண்டு அறைகளோடு மேலெழும். 'ஆர்' எழுத்தின் கால் வரிக்குக் கீழே நீளும். இவற்றை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் பயிற்சி பெற்ற எவரும் இப்படித்தான் எழுதினார். ஆளைக் காட்டுவது இவற்றுக்கும் நுட்பமானது: 'டி'யின் சுழியை எந்த இடத்தில் மூடுகிறார், 'டபிள்யூ'வின் கடைசிக் கோட்டை எங்கே நிறுத்துகிறார், இறகை எப்போது தூக்குகிறார், எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடம் விடுகிறார். பழகிய கண் இவற்றைச் சட்டென்று கண்டுகொள்ளும். ஆனால் அந்தக் கண் எதைப் பார்த்து முடிவுக்கு வந்தது என்பதை மற்றவர் சரிபார்ப்பது கடினம்.

2004இல் கிளாஸ்கோவில் ஆய்வாளர் லின் மூனி 'பி'க்குப் பெயர் வைத்தார்: ஆடம் பிங்க்ஹர்ஸ்ட். லண்டன் பத்திர எழுத்தர் சங்கப் பதிவேட்டில் 1392 வாக்கில் அவர் எழுதிய உறுதிமொழிதான் ஆதாரம். சாசர் 'ஆடம்' என்ற எழுத்தரைக் கடிந்து எழுதிய 7 வரிக் கவிதை ஏற்கெனவே பிரபலம். எனவே பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. என் தயக்கமும் இங்கேதான். ஆடம் என்ற பெயரை எதிர்பார்த்துக் காத்திருந்த துறைக்கு ஒரு ஆடம் கிடைத்தார். பெயர் பொருந்தியதே கை பொருந்தியதற்கும் சாட்சியாகிவிடும் ஆபத்து அதில் உண்டு.

ஒப்பீட்டிலும் சிக்கல் இருக்கிறது. உறுதிமொழி லத்தீனில், சங்கத்தார் முன்னே தன் திறமையைக் காட்டும்படி அலங்காரமாக எழுதப்பட்டது. கேன்டர்பரி கதைகளோ ஆங்கிலத்தில், பல நூறு பக்கங்களுக்கு ஓடும் நூல் எழுத்து. ஒரே எழுத்தர் சூழலுக்கேற்ப எழுத்துமுறையை மாற்றிக்கொள்வது அன்று சாதாரணம். மேலும் 'டபிள்யூ', 'கே' போன்ற எழுத்துகள் லத்தீனில் ஆட்பெயர், ஊர்ப்பெயர் தவிர அரிது. ஆங்கில எழுத்தரின் தனித்தன்மை வெளிப்படும் எழுத்துகளில் இவையும் அடங்கும். சில வரி லத்தீனில் அவை எத்தனை முறை வந்துவிடும்? 2011இல் ஜேன் ராபர்ட்ஸும், 2018இல் லாரன்ஸ் வார்னரும் இந்த அடையாளத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஒற்றுமைகளைப் பட்டியலிடுவது எளிது. அதே அளவு ஒற்றுமை அந்த ஆளுக்குத் தொடர்பில்லாத இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

இதை வெறும் பெயர்த் தகராறு என்று ஒதுக்கக் கூடாது. பிங்க்ஹர்ஸ்ட் சாசரின் சொந்த எழுத்தர் என்றால், ஹெங்கர்ட் பிரதியின் ஒவ்வொரு பாடமும் ஆசிரியருக்கு மிக அருகில் இருந்து வந்ததாகிவிடும். அந்தப் பிரதியில் 'சமையற்காரன் கதை' பாதியில் நிற்குமிடத்தில், சாசர் இதற்கு மேல் எழுதவில்லை என்று ஓரத்தில் ஒரு குறிப்பு உண்டு. அதை எழுதியவர் சாசரை நேரில் அறிந்தவரா, கிடைத்த தாள்களை மட்டும் பார்த்தவரா என்பதைப் பொறுத்து அதன் எடையே மாறும்.

பெயர் தெரியாமலும் ஒரு கையை உறுதியாக அடையாளம் காணலாம் என்பதற்கு, வூஸ்டரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். பழைய ஆங்கிலச் சுவடிகளில் அவர் நடுங்கும் கையால் பல்லாயிரம் சொற்பொருள் குறிப்புகளை எழுதிவைத்தார். அந்த நடுக்கத்தை யாரும் பள்ளியில் கற்றுக்கொள்ள முடியாது, வேண்டுமென்று மறைக்கவும் முடியாது. அதனால் எந்தச் சுவடியில் இருந்தாலும் அந்தக் கையைக் கண்டுகொள்கிறார்கள். 2015இல் ஒரு வரலாற்றாய்வாளரும் ஒரு நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து, அது எந்த வகை நடுக்கம் என்றுகூட ஆராய்ந்தார்கள். அவர் பெயர் மட்டும் இன்றுவரை தெரியாது. அதனால் அந்த ஆய்வுக்கு ஒரு குறையும் வரவில்லை.

'பி'யின் விஷயத்திலும் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. பத்திர எழுத்தர் பதிவேட்டில் பிங்க்ஹர்ஸ்டோடு மற்ற உறுப்பினர்களும் தம் கைப்பட எழுதிய உறுதிமொழிகள் உள்ளன. பெயர்களை மறைத்து, நிபுணர்களிடம் அவை எல்லாவற்றையும் எல்ஸ்மியர் பக்கத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை ஒத்தது, எத்தனை முறை ஒவ்வாதது என்று இரண்டையும் எண்ணி வெளியிடலாம். அந்தக் கணக்கு வரும்வரை, சாசர் பதிப்புகளின் முன்னுரையில் 'பி எழுத்தர்' என்றே அச்சிடுவது நியாயம்.