பருவத்தோடு வாழ்வதும் நோயைத் தீர்ப்பதும்

சீன மருத்துவத்தின் மூலநூல் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதன் இரண்டாம் இயல் ஆண்டின் பருவங்களோடு ஒத்து வாழும் முறையைச் சொல்கிறது. வசந்தத்தில் தாமதமாகப் படுத்து அதிகாலையில் எழ வேண்டும். கூந்தலைத் தளர்த்திவிட்டு முற்றத்தில் நிதானமாக நடக்க வேண்டும். குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்து, வெயில் வந்த பிறகே எழ வேண்டும். வியர்வை சிந்தி உடம்பின் சூட்டை வீணாக்கக் கூடாது. முதல் இயல் பெண்ணின் ஆயுளை ஏழேழு ஆண்டுகளாகப் பகுக்கிறது: 7 வயதில் பல் விழுந்து முளைக்கிறது, 14-இல் மாதவிடாய் தொடங்குகிறது, 49-இல் நின்றுபோகிறது.

இந்த இரண்டு இயல்களையும் இணைத்துத்தான் இன்று பெண்களுக்கான பருவகாலப் பராமரிப்பு சொல்லப்படுகிறது. வசந்தம் கல்லீரலுக்கு, கோடை இதயத்துக்கு, கோடையின் இறுதி மண்ணீரலுக்கு, இலையுதிர்காலம் நுரையீரலுக்கு, குளிர்காலம் சிறுநீரகத்துக்கு. இங்கே கல்லீரல் என்பது அறுவை மேசையில் தெரியும் உறுப்பு மட்டுமல்ல. இரத்தத்தைத் தேக்கிவைத்து, கோபத்தையும் மன இறுக்கத்தையும் ஆளும் ஒரு செயல்பாட்டுத் தொகுதி. அதனால் மாதவிடாய்க்கு முன் வரும் எரிச்சலுக்கும் மார்பக வலிக்கும் வசந்தத்தில் கல்லீரலைக் கவனி என்கிறார் சீன வைத்தியர்.

இந்த மரபுக்குள் இரண்டு வேறுவேறு பொருட்கள் ஒரே பொட்டலத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று வாழ்முறை, மற்றொன்று சிகிச்சை. முதலாவது பெரும்பாலும் நல்லது. இரண்டாவதைத் தனித்தனியாகச் சோதித்துத்தான் ஏற்க முடியும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் முழுவதையும் போற்றுவதும் முழுவதையும் தள்ளுவதும் பெண்களுக்கு உதவாது.

முதலில் அதன் பலம். பெண்ணின் உடம்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் சீன மருத்துவத்தில் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் ஸிமியாவ் தம் பெருநூலில் பெண்களுக்கான மருந்துகளை முன்னால் வைத்தார். 1237-இல் சென் ஸிமிங் பெண்களுக்கென்றே ஒரு முழு நூலைத் தொகுத்தார். மிங் காலத்துப் பெண் மருத்துவர் தான் யுன்ஷியன், தாம் பார்த்த 31 நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்தார். உழைப்பு, துக்கம், குடும்பத்துச் சச்சரவு, அடுத்தடுத்த பிரசவம் ஆகியவற்றை அவர் நோயின் காரணங்களாகக் கேட்டறிந்தார். இன்றும் நல்ல சீன வைத்தியர் நாடி பார்ப்பதோடு நிறுத்துவதில்லை: மாதவிடாய் எத்தனை நாள், இரத்தத்தின் நிறம் என்ன, கட்டியாக வருகிறதா, கால் குளிர்கிறதா, தூக்கம் எப்படி என்று கேட்பார். ஐந்து நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் புறநோயாளிப் பிரிவில் பல பெண்களுக்குக் கிடைக்காத கவனம் இது. பருவத்துக்குப் பருவம் தன் உடம்பைக் கவனிக்கப் பழகிய பெண், ஒரு மாற்றம் வந்தால் அதைச் சீக்கிரம் உணர்கிறாள்.

உணவுப் பரிந்துரையும் பலமானதுதான். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சுங்ஜிங் எழுதிவைத்த ஒரு சூப், பிரசவத்துக்குப் பின் வரும் வயிற்று வலிக்கு உரியது. 16 பங்கு ஆட்டிறைச்சி, 5 பங்கு இஞ்சி, 3 பங்கு டாங்குவெய் என்ற மூலிகை வேர். எட்டுப் படி நீர் மூன்று படியாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். சீனாவில் குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு வரும் நாளை ஒட்டி இன்றும் இதைச் சமைக்கிறார்கள். இரத்தம் இழந்து களைத்த பெண்ணுக்குப் புரதம், இரும்புச்சத்து, சூடான நீராகாரம் எல்லாம் ஒரே கிண்ணத்தில் கிடைக்கின்றன. இதற்கு எந்தத் தத்துவ விளக்கமும் தேவையில்லை.

உடம்பைச் சூடாக வைக்கச் சொல்லும் அறிவுரைக்கும் ஆதாரம் இருக்கிறது. அடிவயிற்றில் தொடர்ந்து மிதமான சூடு வைப்பது மாதவிடாய் வலிக்கு இபுபுரூஃபன் மாத்திரைக்கு இணையாகப் பலன் தந்ததை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அக்குபங்சருக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் தொல்லை உள்ள 504 பெண்களிடம் சீனாவில் நடந்த ஆய்வில், மின் அக்குபங்சர் போலிச் சிகிச்சையைவிடக் கசிவைக் குறைத்தது; முடிவு 2017-இல் வெளியானது. குறைத்தது சீன மருத்துவம் சொல்லும் சிறுநீரகச் சக்தியா, கீழ்முதுகு நரம்புகளுக்குக் கிடைத்த மின்தூண்டலா என்பது வேறு கேள்வி. பலன் உண்மை.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு சீன ஆய்வு எதிர்த்திசையில் போயிற்று. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் கருத்தரிக்காத 1,000 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 29 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அக்குபங்சர் இந்தக் கணக்கை மாற்றவில்லை. அமெரிக்காவில் 1997-இல் 71 பெண்களிடம் நடந்த ஆய்வில், மாதவிடாய் நின்றபின் வரும் உடல் அனலுக்கு டாங்குவெய் வேர் போலி மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. அந்த வேரைத் தனியாகக் கொடுப்பது சீன மரபல்ல என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் சீனாவிலேயே, சீன மருத்துவமனைகளில் நடந்த கருத்தரிப்பு ஆய்வை அப்படித் தள்ளிவிட முடியாது.

இந்த மரபின் பெரிய குறை அதன் விளக்கங்கள் தோற்பதே இல்லை என்பதுதான். வலி குறைந்தால் கல்லீரல் சீரானது. குறையாவிட்டால் பருவம் மாறிவிட்டது, அல்லது குளிர் ஆழமாக இறங்கிவிட்டது. எந்த விளைவுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்போது, தவறான சிகிச்சையை நிறுத்தச் சொல்ல அந்த முறைக்குள் யாருமில்லை. கருப்பையில் நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கடுமையான இரத்தசோகை ஆகியவை உள்ள பெண், ‘குளிர் உடம்பு’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கஷாயம் குடித்துக் காலத்தை இழக்கலாம்.

இரண்டாவது குறை, நீண்ட அனுபவமே பாதுகாப்பு என்ற நம்பிக்கை. கல்லீரல் சூட்டைத் தணிக்கும் ‘லோங்டான் ஷியேகான்’ பழைய மருந்து. அதில் சேர வேண்டிய மூலிகை மூதோங். இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி ஒன்று புழக்கத்துக்கு வந்தது. அதை உட்கொண்டவர்களின் சிறுநீரகங்கள் கெட்டன; 2003-இல் சீன அரசே அந்தச் செடியை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், இதே இனச் செடி கலந்ததால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பல ஆண்டு கழித்து வெளிப்படும் கேட்டை நாடி பார்க்கும் விரல் கண்டுபிடிக்காது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் இதே இனத்தைச் சேர்ந்தவை என்பதைத் தமிழ் வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பருவத்தைப் பேசும் மருத்துவமே பருவத்தை மறந்துவிடுவது. பிரசவித்த பெண் ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்து, காற்றும் குளிரும் படாமல் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும் என்பது சீன வழக்கம். கணப்பு இல்லாத குளிர்கால வீட்டில் இது காப்பு. ஜூலை மாதத்து ஷாங்காயில், ஜன்னலை மூடிப் போர்வையும் போர்த்தினால் உயிருக்கே ஆபத்து. பிரசவித்தவளுக்கு வரும் வெப்பத்தாக்கம் சீன மகப்பேற்றுப் பாடநூல்களில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது. ஆனாலும் குளிர்கால ஊட்டப் பொட்டலங்கள் அங்கே விற்பனையாகின்றன.

ஆகவே என் மதிப்பீடு இது. நேரத்துக்குத் தூக்கம், சூடான உணவு, நடை, பிரசவத்துக்குப் பின் ஓய்வு ஆகியவற்றைத் தயங்காமல் ஏற்கலாம். அக்குபங்சரை, சோதனையில் தேறிய தொல்லைகளுக்கு மட்டும் நாடலாம். மூலிகை என்றால், உள்ளே இருக்கும் செடியின் பெயர் தெரியாமல் விழுங்கக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் டாங்குவெய்யைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. அதிக இரத்தப்போக்கு, மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தம், புதிதாகத் தொடங்கிய கடும் வலி ஆகியவற்றுக்கு எந்தப் பருவமானாலும் முதலில் பரிசோதனைதான்.

இந்த மரபின் மிகச் சிறந்த பகுதி எந்தப் பொட்டலத்திலும் இல்லை. பெண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று அது வலியுறுத்துவதில் இருக்கிறது. குளிர்காலத்தில் வெயில் வந்தபின் எழுவதற்கு, அவளுக்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேறொருவர் வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் ஒரு மாதம் படுத்திருக்கச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். சீனச் சட்டம் 2012 முதல் 98 நாள் தருகிறது, அமைப்புசாரா வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதுவும் எட்டுவது கடினம். பருவத்துக்கேற்ப வாழச் சொல்லும் பொறுப்பை அவள் தலையில் மட்டும் ஏற்றிவிட்டுக் கஷாயத்தைக் கையில் கொடுப்பது பராமரிப்பு ஆகாது. வீட்டு வேலையில் பங்கும் வேலையிடத்தில் விடுப்பும் சேர்ந்தால்தான் அந்தப் பழைய அறிவுரை அவளுக்குப் பயன்படும்.