துடைப்பம் யார் கையில்?

ஏப்ரல் கடைசியில் ஓஸ்லோவில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மாடிப்படி வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ‘டுக்னாட்’, எல்லாரும் வரவும் என்று மகள் படித்துச் சொன்னாள். அன்று மாலை என் கையிலும் ஒரு துடைப்பம் வந்தது. குளிர்காலத்தில் உறைபனியில் கால் வழுக்காமலிருக்க அங்கே நடைபாதையெங்கும் பொடிக்கல் தூவுகிறார்கள். பனி உருகியதும் அவ்வளவு கல்லும் தரையில் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளுவது எங்கள் வரிசைக்கு விழுந்த வேலை. எனக்கு இடப்பக்கம் கூட்டியவர் பல் மருத்துவர், வலப்பக்கம் கூட்டியவர் பஸ் ஓட்டுநர். யார் எவர் என்பது மறுநாள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்துக்காரனான எனக்கு ஊர்கூடி வேலை செய்வது புதிதில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாமலே ஒரு பொதுவேலையை முடித்தது அதுவே முதல் முறை. டுக்னாட்டை எடைபோட இந்த ஒரு வேறுபாடே எனக்கு அளவுகோலாகிறது.

‘டுக்னாட்’ என்ற சொல்லுக்குப் பழைய நோர்ஸ் மொழியில் உதவி என்று பொருள். பண்ணை வீட்டுக்குக் கூரை போடவும் களஞ்சியம் எழுப்பவும் அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள், வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். நம் பக்கத்தில் ஒருவர் வேலைக்கு மற்றவர் மாறி மாறி மாத்தாள் போவதும் இதே கணக்குதான். இன்று அந்த வழக்கம் வயலை விட்டுக் குடியிருப்புக்கும், மழலையர் பள்ளிக்கும், விளையாட்டுக் கழகத்துக்கும், பள்ளி வாத்தியக் குழுவுக்கும் வந்துவிட்டது. மே 17, அவர்களுடைய அரசியலமைப்பு நாள். அதற்குள் முற்றம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதால் வசந்தத்தில் ஊரே வாருகோலோடு இறங்குகிறது. 2004இல் நார்வேயின் தேசியச் சொல்லாக மக்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் அதன் பலம். நார்வேக்காரர்கள் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடப் பேசத் தயங்குபவர்கள். அவர்களைப் பேச வைப்பது துடைப்பம்தான். வேலை முடிந்து வாஃபிளும் பழுப்புச் சீஸும் காப்பியும் வைத்தார்கள். அந்தச் சீஸ் திரட்டுப்பால் போல் இனித்தது. அதைச் சொல்லப் போய், மூன்றாம் மாடிப் பாட்டியிடம் மகள் மொழிபெயர்க்க அரைமணி நேரம் பேசினேன். 90 நாள் விசாவில் வந்து, மொழி தெரியாமல், சன்னலோரம் உட்கார்ந்து நாளை எண்ணும் பெற்றோர் வெளிநாடெங்கும் இருக்கிறார்கள். நார்வேயில் அவர்களுக்கு ஊருக்குள் நுழைய மொழி கேட்காத வாசல் இது ஒன்றுதான். அடுத்த வாரம் படிக்கட்டில் மூன்று பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

குறைகளும் சிறியவை அல்ல. விருப்பமிருந்தால் வரலாம் என்பது பேச்சுக்குத்தான். வராதவரை அக்கம்பக்கம் மனத்தில் குறித்துக்கொள்கிறது. சில குடியிருப்புகளில் வராதவரிடம் பணமும் வசூலிக்கிறார்கள். பணம் உள்ளவர் கட்டிவிட்டு வீட்டிலிருக்கலாம். மாலை முறை வேலைக்குப் போகும் துப்புரவாளரும் செவிலியரும் வரவும் முடியாமல் கட்டவும் மனமில்லாமல் தவிக்கிறார்கள். சமத்துவத்துக்காக வைத்த வழக்கத்தில் விலை நுழைந்துவிட்டால், பிறகு அதுவும் ஒரு கட்டணமாகவே முடியும்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அறிவிப்பு நார்வேய மொழியில் இருக்கும், விதிகள் எங்கும் எழுதியிருக்காது. போகாவிட்டால் சோம்பேறி, ஒட்டாதவர் என்ற பெயர் வரும். அங்குள்ள தமிழரையே எடுத்துக்கொள்வோம். 1956இல் மீன்பிடித் தொழில் கற்க யாழ்ப்பாணத்திலிருந்து போன அந்தோனி இராஜேந்திரம் நார்வேத் தமிழரின் முன்னோடி. 1980களில் போர் துரத்த வந்த ஈழத்தமிழர் பலர், வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று உழைத்தார்கள். அவர்கள் பொதுவேலைக்குப் பின்வாங்கியவர்களே இல்லை. வார இறுதியில் தமிழ்ப்பள்ளியில் சம்பளமின்றிப் பாடம் எடுப்பதும், கோயில் மடைப்பள்ளியில் அடுப்பு முன் நிற்பதும் அவர்கள் வழக்கம். இதுவும் டுக்னாட்தான். ஆனால் மாடிப்படிக் கணக்கில் இது வராது. எந்த உழைப்பு பொதுநலம் என்று தீர்மானிக்கும் உரிமை ஏற்கெனவே அங்கே இருப்பவர் கையில் இருக்கிறது. இந்த வழக்கத்தின் ஆழமான குறை இதுவே.

அரசும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் கொரோனாக் கட்டுப்பாடுகளை அறிவித்தபோது பிரதமர் எர்னா சூல்பர்க் நாட்டு மக்களை டுக்னாட்டுக்கு அழைத்தார். மக்கள் ஒத்துழைத்தார்கள். ஆனாலும் மீறினால் அபராதம் என்கிற ஒன்றைத் தன்னார்வம் என்று அழைத்தால் சொல்லின் பொருள் தேய்கிறது.

இந்தத் தேய்மானம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஏரியும் வாய்க்காலும் ஊராரே பராமரித்த வழக்கம் குடிமராமத்து. 1858இல் ஆங்கிலேய அரசு கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, அந்த வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டக் கடமையாக்கியது. சட்டம் வந்தும் வழக்கம் பிழைக்கவில்லை. 2017இல் தமிழக அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கி அதே பெயரில் திட்டம் தொடங்கியபோது, அது அரசுப் பணமும் விவசாயிகளின் சிறு பங்கும் சேர்ந்த மராமத்துப் பணியாக இருந்தது.

நம் வழக்கத்தில் நார்வேயில் இல்லாத ஒரு கறையும் உண்டு. இங்கே பொதுவேலை என்றால் சிலர் மண் வெட்டுவார்கள், சிலர் நிழலில் நின்று மேற்பார்வை பார்ப்பார்கள். வெட்டிவேலை என்ற பெயரில் கூலியில்லாமல் யாரிடம் உழைப்பு வாங்கினோம் என்பதும் ஊரறிந்தது. தெருவைக் கூட்டுவது பிறப்பால் வந்த வேலை என்ற எண்ணம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பல் மருத்துவர் துடைப்பத்தைத் தொட்டது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அதற்காக டுக்னாட்டை அப்படியே இறக்குமதி செய்துவிட முடியாது. நார்வேயில் பெரும்பாலும் வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேர வேலை, ஆண்டுக்கு ஐந்து வாரம் விடுப்பு. ஒரு மாலையைக் கொடுத்தால் அங்கே அடுப்பு அணையாது. எங்கள் மலையில் காப்பித் தோட்டத்துக்குத் தினக்கூலிக்குப் போகும் அம்மாவிடம் ஊருக்காக ஒருநாள் உழை என்றால், அவள் ஒருநாள் சோற்றைக் கேட்கிறோம் என்று அர்த்தம். 100 நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தபோது பொதுவேலைக்குக் கூலி உண்டு என்று நிலைநாட்டியது நியாயமே. ஆனால் அதன்பின் பொதுவேலை எல்லாம் ‘அந்த ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று வசதியுள்ளவர் ஒதுங்கவும் வழி கிடைத்தது. மழை அரித்த மண்பாதையைச் சரிசெய்ய என் சிறுவயதில் வீட்டுக்கு ஒருவர் மம்பட்டியோடு வந்தார்கள். இன்று தலைக்கட்டு வரியோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறது.

ஆக என் முடிவு இது. டுக்னாட்டின் மதிப்பு அது மிச்சப்படுத்தும் செலவில் இல்லை. எல்லார் கையிலும் ஒரே துடைப்பம் இருப்பதில்தான் அதன் மதிப்பு. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வராதவருக்கு அபராதம் வேண்டாம். கூலியை இழந்து வருபவருக்குக் கூலி கொடுப்போம். மாதச் சம்பளக்காரரும், தோட்ட முதலாளியும், பஞ்சாயத்துப் பதவியில் இருப்பவரும் கூலியில்லாமல் முதலில் வரட்டும்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்ததும் மலையுச்சியில் பிளாஸ்டிக் தட்டும் பையும் தண்ணீர் பாட்டிலும் இறைந்து கிடக்கும். மறுநாள் காலை அவற்றை அள்ளுபவர்கள் எப்போதும் ஒரே சிலர். அடுத்த திருவிழாவுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் துடைப்பத்தோடு அங்கே இருப்பேன். மாரமங்கலத்துக்காரர்களே, நீங்களும் வாருங்கள். காப்பி என் வீட்டிலிருந்து வரும்.