'ஆபரேஷன் இல்லாமல்' என்ற வார்த்தையும் தேயிலைக்காட்டு முதுகும்

"ஆபரேஷன் இல்லாமல் நாள்பட்ட முதுகுவலிக்குத் தீர்வு." கைரோபிராக்டிக் விளம்பரங்களில் இந்த மாதிரி வரி இல்லாமல் இருக்காது. எனக்கு உறுத்துவது அந்த முதல் இரண்டு வார்த்தைகள்தான். நாள்பட்ட முதுகுவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. வராத வெள்ளத்திலிருந்து கரையேற்றியதாகச் சொல்வதில் என்ன பெருமை?

பயத்துக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் ஒரு காரணம். 'டிஸ்க் தேய்ந்திருக்கு' என்று படித்ததும் ஆள் பாதியாகிவிடுகிறார். ஆனால் 2015-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாதவர்களில்கூட 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் இந்தத் தேய்மானம் உண்டு.

கைரோபிராக்டிக்கைத் தொடங்கியவர் அமெரிக்காவில் காந்த வைத்தியம் செய்துவந்த டி.டி. பால்மர். வருடம் 1895. வேடிக்கை என்னவென்றால், அவருடைய முதல் நோயாளிக்கு இருந்தது முதுகுவலி இல்லை, காது கேளாமை! எலும்பு இடம் பெயர்வதுதான் பெரும்பாலான நோய்க்குக் காரணம் என்பது அவர் கொள்கை. (காலால் பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று நம்ம ஊரிலும் சொல்வார்கள். அவர்கள் அதற்கு சர்டிபிகேட் மாட்டி வைப்பதில்லை, அவ்வளவுதான்.) 'படக்' என்ற சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தமும் அல்ல. மூட்டு விரியும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. 2015-ல் கனடாவில் விரல் மூட்டை எம்ஆர்ஐ-யில் வைத்து இதைப் படம்பிடித்தே காட்டினார்கள்.

அப்போ எல்லாம் பொய்யா? இல்லை. 2019-ல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளை, 9,211 பேரை எடுத்துக்கொண்டது. முடிவு: முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை, பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகள் அளவுக்கே பலன் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் அதை ஒரு வழியாக ஏற்கிறது, உடற்பயிற்சியோடு சேர்த்து.

இனி குன்னூர், கோத்தகிரி பக்கம் வருவோம். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. குனிந்து பறித்த ஈரக் கொழுந்தை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடம்வரை நடை. கிலோ கூடினால்தான் கூலி கூடும். இப்படி இருபது வருஷம் உழைத்த ஒரு பெண், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் படுத்து எழுந்து வருகிறார் என்று வையுங்கள். மறுநாள் அதே சரிவு, அதே மூட்டை. 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுகளில் மருத்துவ வசதி கேட்டது. ஆனால் பொதுவாக ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் அதன் கணக்கிலேயே வரவில்லை. நீலகிரியில் சிறு விவசாயிகள் எவ்வளவு பேர் என்பது தெரிந்ததுதானே. அங்கே பறிக்கப் போகிறவருக்கு முதுகு போனால் சொந்தச் செலவுதான்.

இன்னொன்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். முதுகெலும்பில் காசநோயும் நம் நாட்டில் அபூர்வமல்ல. அந்த முதுகை வேகமாகத் திருப்பினால் எலும்பே முறியலாம். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, போவது தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ எந்த மேஜையிலும் படுக்க வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம்: எத்தனை தடவை வரணும்? வீட்டில் செய்ய என்ன பயிற்சி சொல்லித் தருவீங்க? "மாசாமாசம் வந்து அலைன்மென்ட் பார்க்கணும்" என்று பதில் வந்தால், அது காருக்குச் சொல்வது. எழுந்து வந்துவிடலாம்.