புனைமொழிகளில் சொற்பிறப்பும் சொற்பொருளும்

சொல் ஒரு பொருளை உணர்த்துவதற்கான காரணம் எளிதில் புலப்படாது என்பது தொல்காப்பியர் உரியியலில் சுட்டும் கருத்தாகும். இயற்கைமொழிகளில் சொல் பிறந்த சூழல் மறைந்துவிடுவதால் ஆய்வாளர் ஊகத்தைத் துணைக்கொள்ள நேர்கிறது. தனியொருவர் திட்டமிட்டு ஆக்கும் புனைமொழியிலோ ஆக்கியோரும் பல சொற்களின் மூலமும் அறியப்பட்டவை. எனவே, சொற்பிறப்பாய்வு முறைகளை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக அவற்றைக் கொள்ளலாம்.

ஜெர்மானியப் பாதிரியார் ஷ்லையர் 1880இல் வெளியிட்ட வோலாப்யூக் மொழியின் பெயரில் ‘வோல்’ உலகையும் ‘ப்யூக்’ மொழியையும் குறிக்கும். இவை ‘வேர்ல்டு’, ‘ஸ்பீக்’ என்னும் ஆங்கிலச் சொற்களின் திரிபுகள். ரகரத்தையும் மெய்ம்மயக்கத்தையும் அவர் பெரிதும் தவிர்த்தமையால் மூலம் மறைந்துபோயிற்று. ஒலியொப்புமை இன்மை உறவின்மைக்குச் சான்றாகாது என்பது இதனால் பெறப்படும்.

சாமன்ஹாப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ மூலத்தை மறைப்பதில்லை. ஆயினும் மூலப்பொருள் அங்கு அப்படியே நிலைபெறவில்லை. பிரெஞ்சில் ‘மல்’ தீமையைக் குறிக்கும்; எஸ்பெராண்டோவில் அது எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டு மட்டுமே. ‘ஃபெர்மி’ மூடுதல், ‘மல்ஃபெர்மி’ திறத்தல். திறத்தலில் தீமை யாதுமில்லை. சொற்பொருளை வரையறுப்பது பிறப்பன்று, மொழியமைப்பில் அச்சொல் பெறும் இடமே என்பது இங்குத் தெளிவாகிறது.

மொழிநூற் பேராசிரியரான டோல்கீன் தம் புனைகதைகளுக்கென ஆக்கிய மொழிகள் வேறொரு நெறியின. அவர் சொற்களோடு அவற்றின் வரலாற்றையும் புனைந்தார். ‘சொல்’ என்பது குவென்யாவில் ‘குவெத்தா’, சிந்தாரினில் ‘பெத்’. ‘ஆள்’ என்பது முறையே ‘குவென்’, ‘பென்’. மூலமொழியின் ‘க்வ’ ஒலி ஒன்றில் நிலைத்தும் மற்றொன்றில் பகரமாகத் திரிந்தும் வருகிறது. நான்கு என்னும் எண்ணுக்கு இலத்தீனில் ‘குவாத்துவோர்’ என்றும் வெல்ஷில் ‘பெத்வார்’ என்றும் வழங்கும் இயற்கைமொழி உறவை இது ஒத்தது. அம்மொழிகள் தொன்மை உடையனபோல் தோன்றுவதற்கு இவ்வொழுங்கே காரணம்.

கன்னடக் ‘கிவி’, ‘கேரி’ ஆகியன தமிழில் ‘செவி’, ‘சேரி’ என நிற்பதைத் திராவிட ஒப்பியல் ஏற்பதும் இத்தகைய ஒழுங்கினாலேயே ஆகும். ஓரிரு சொற்களின் ஒப்புமை கொண்டே தமிழைத் தொலைமொழிகளோடு உறவுபடுத்தும் ஆய்வுகளில் இவ்வொழுங்கு காட்டப்பெறுவதில்லை. புனைமொழியாளர் கற்பனைக்கும் வகுத்துக்கொண்ட வரம்பை ஆய்வாளர் உண்மைக்கு வகுக்காமை பெருங்குறையே எனலாம்.