அனாமத்துக் கணக்கு

நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. தோற்ற ராத்திரிகளில், பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறுகிற கூட்டத்தை நீல ஜெர்ஸி இல்லாமலே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஜெயித்தவன் பாடுவான். தோற்றவன் விசாரணை கமிஷன் வைப்பான். எழும்பூரில் கோச் கூண்டில் ஏற்றப்படுவார். மாம்பலத்தில் ரெஃப்ரி. மீனம்பாக்கம் தாண்டும்போது புல்தரை, மழை, ஜாதகம் எல்லாம் சாட்சி சொல்லிவிட்டுப் போகும். தாம்பரத்தில் பாதி நீதிபதிகள் இறங்கிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் வண்டலூரைக் கடந்து எங்கள் ஊரப்பாக்கம் வருவதற்குள் தீர்ப்பை எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்.

"அந்த ஒருத்தன் மட்டும் கரெக்டா மார்க் பண்ணியிருந்தா மச்சி..."

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சங்கீதக் கச்சேரிக்கு எழுதுகிறோம். தோல்விக்குப் பிறகு நடக்கிற இந்த வாக்குவாதத்துக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. மேட்ச் 90 நிமிடம். இது பத்து வருடம் ஓடும். பார்வையாளர்கள் இலவசமாக நடத்தும் இந்த நாடகத்தில் எனக்குச் சில புகார்கள் உண்டு.

முதல் புகாருக்கு 2014-க்குப் போக வேண்டும். ஐ.எஸ்.எல்.லின் முதல் சீசன். மெட்டராஸி தலைமையில் சென்னை, லீக் அட்டவணையில் முதலிடம். சென்னையின் எலானோதான் அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர். அரையிறுதியில் எதிரே நாலாம் இடத்தில் இருந்த கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். டிசம்பர் 16, சென்னையில் இரண்டாவது ஆட்டம். முதல் பாதியிலேயே கேரளாவில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. சில்வெஸ்டர் ஒன்று அடித்தார், ஜிங்கன் ஒரு சேம் சைடு கோல் தானம் செய்தார், 90-வது நிமிடத்தில் ஜெஜெ ஒன்று. மூன்றுக்கு மூன்று. அரங்கமே எழுந்து நின்றது. கூடுதல் நேரம். 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோலில் எல்லாம் முடிந்தது.

இப்போதும் இந்த மேட்ச்சைப் பற்றி யாராவது வாய் திறந்தால், பேச்சு நேராக 117-வது நிமிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பியர்சனை ஏன் விட்டார்கள், யார் விட்டார், கோல்கீப்பர் என்ன செய்துகொண்டிருந்தார். அதே ஆட்கள் மூன்று நாள் முன்னால் கொச்சியில் மூன்று கோல் வாங்கிய கதையை யாரும் எடுப்பதில்லை. அங்கே ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் சென்னையில் கூடுதல் நேரமே வந்திருக்காது. பத்து பேருடன் ஆடிய அணியைத் தொண்ணூறு நிமிடத்துக்குள் ஏன் முடிக்க முடியவில்லை என்பதும் கமிஷன் முன் வராது. காரணம் ரொம்பச் சாதாரணம். கொச்சி மேட்ச்சை டி.வி.யில் பார்த்தோம். 117-வது நிமிடத்தை நேரில் பார்த்தோம். கண்ணால் பார்த்த கடைசிக் குற்றம்தான் குற்றம்.

நான் பி.காம். அக்கவுன்டன்சியில் ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டால் காமர்ஸ் படித்த யாரும் சொல்வார்கள். வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டு, இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்கு அனாமத்துக் கணக்கு என்று பெயர். அருமையான பெயர். தவறு எங்கே என்று தெரியவில்லை, ஆனால் இன்றைக்குக் கணக்கை மூடியாக வேண்டும் என்ற அவசரத்துக்காக வைத்த ஏற்பாடு அது. பிறகு பொறுமையாக உட்கார்ந்து, உண்மையான பிழையைக் கண்டுபிடித்து, அந்தத் தொகையை அதற்குரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது விதி.

ரசிகர்கள் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்கள். தோல்வி என்ற தொகையை ஒரு ஆளின் பெயரில் போட்டு மூடிவிடுகிறார்கள். அதற்கப்புறம் யாரும் அந்த லெட்ஜரைத் திறப்பதில்லை.

அதே லெட்ஜரில் இன்னொரு தில்லுமுல்லு. 2014-இல் முதலிடம் பெற்ற அணி நாலாம் இட அணியிடம் தோற்று வெளியேறியதை 'என்னய்யா பிளே-ஆஃப் முறை, அநியாயம்' என்றார்கள். நியாயமான கேள்விதான். பதினாலு ஆட்டத்தில் சேர்த்ததை இரண்டு ஆட்டத்தில் பறிக்கலாமா? லீக்கில் முதலிடம் பிடித்தால் ஒரு ஷீல்டு என்ற ஆறுதலே 2019-20 சீசனில்தான் வந்தது. அந்த சீசனில் ஷீல்டை வாங்கியது கோவா. அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று கோவாவை அனுப்பிவைத்தது யார்? நாலாம் இடத்தில் இருந்த நம்ம சென்னை. அப்போது பிளே-ஆஃப் முறையைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லை. நாலாம் இடத்தான் முதல் இடத்தானை வீழ்த்துவது 2014-இல் அநியாயம், 2020-இல் வீரம். (இறுதிப்போட்டியில் ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றார்கள். கொரோனா பயத்தில் காலி மைதானத்தில் நடந்த ஆட்டம். பழி போடக்கூட ஆள் இல்லாமல் முடிந்த ஒரே தோல்வி.)

பக்கத்து மாநிலத்தைக் குறை சொல்வது சுலபம் என்பதால் சொல்லவில்லை. விஷயம் அங்கேதான் பெரிதாக நடந்தது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். நாக்-அவுட் பிளே-ஆஃப். கேரளாவும் பெங்களூருவும் கோல் இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போகின்றன. 96-வது நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளா கோல்கீப்பர் சுவர் எழுப்ப ஆள் நிறுத்திக்கொண்டிருந்தார். சுனில் சேத்ரி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காலியாகக் கிடந்த வலைக்குள் பந்தைத் தூக்கிப் போட்டார். ரெஃப்ரி கோல் என்றார். கோச் இவான் வுகோமனோவிச் தன் ஆட்களை எல்லாம் களத்தை விட்டு வெளியே கூப்பிட்டார். போனார்கள். திரும்பி வரவில்லை. பெங்களூரு ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது.

விதி என்ன சொல்கிறது? விசில் வரை காத்திரு என்று ரெஃப்ரி சொல்லாத வரை, அடிக்கிற அணி சட்டென்று அடிக்கலாம். இங்கே ரெஃப்ரி அப்படிச் சொன்னாரா இல்லையா என்பதுதான் வழக்கே. கேரளத் தரப்பின் வாதத்தைக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஏற்கவில்லை. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். கோச்சுக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சமும்.

நான் ரெஃப்ரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஐ.எஸ்.எல். நடுவர்களின் தரத்தைப் பற்றி எல்லா ஊர் ரசிகர்களும் அழுதிருக்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த கோல் விழுந்தபோது இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஒரு கோல் போதும். சேத்ரி பந்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது நம்ம ஆட்கள் ஏன் கோல் வாயைக் காலியாக விட்டார்கள் என்ற கேள்வி, இருபது நிமிடத்தைத் தூக்கி எறிந்தது சரியா என்ற கேள்வி, இரண்டும் ரெஃப்ரி என்ற ஒரே பெயருக்குள் போய் மறைந்துவிட்டன. கோச் ஊர் திரும்பியபோது கொச்சி விமான நிலையத்தில் ரசிகர்கள் கொடுத்த வரவேற்பு, கோப்பையோடு வந்தவருக்குக் கொடுப்பது மாதிரி இருந்தது.

இதிலிருந்து தெரிவது, பழி எங்கே விழும் என்பதை நடந்த தப்பு தீர்மானிப்பதில்லை. நமக்கு யாரைப் பிடிக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. இதற்கு நம்ம மெட்டராஸியே சாட்சி. 2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டி என்றதும் ஜிடான் அவர் மார்பில் தலையால் முட்டியதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கூடுதல் நேரத்தில் சிவப்பு அட்டை வாங்கி அணியைப் பத்து பேராக்கிவிட்டுப் போனவர் கேப்டன். அப்புறம் பெனால்டி ஷூட்-அவுட்டில் ஃப்ரான்ஸ் 5-3 என்று தோற்றது. ஆனால் ஃப்ரான்ஸில் ஜிடானை மன்னிக்க ரொம்ப நாள் பிடிக்கவில்லை. 'அந்த மெட்டராஸி என்ன திட்டினானோ' என்று பாதிப் பழி எதிராளி கணக்குக்கு மாற்றப்பட்டது. பெனால்டியை குறுக்குக் கம்பத்தில் அடித்த ட்ரெஸகேவுக்கு அப்படி யாரும் காரணம் தேடித் தரவில்லை. பெரிய பெயருக்கு வாராக்கடன் தள்ளுபடி உண்டு. சின்னப் பெயருக்கு வட்டியோடு வசூல்.

வசூல் எதுவரை போகும்? 1950-இல் ரியோவில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 என்று தோற்றதற்கு பார்போஸா என்ற கறுப்பின கோல்கீப்பரைக் குற்றவாளியாக்கினார்கள். 2000-இல் அவர் இறக்கும் வரை அந்த பேலன்ஸ் கேரி ஃபார்வேர்ட் ஆகிக்கொண்டே இருந்தது. 1994-இல் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் அமெரிக்காவுக்கு எதிராக ஒரு சேம் சைடு கோல் போட்டார். பத்து நாளில் மெதயீன் நகரில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 27. நம்ம ஊரில் அவ்வளவு தூரம் போகாது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தோற்ற ராத்திரியில் ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனின் அம்மா, அக்காவை இழுத்து அவன் செல்போனுக்கு அனுப்பப்படும் வசவுகள் எல்லாம் தமிழிலும் நன்றாகவே எழுதப்படுகின்றன.

பழி ஒரு ஆள் மேல் போனால் இன்னொரு வசதி: பெரிய கேள்விகள் தப்பித்துவிடும். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைத்தார்கள். சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிகிறது, அடுத்து என்ன என்று முடிவாகவில்லை. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. சென்னையும் அதில் உண்டு. ஒப்பந்தம் முடியும் தேதி பல வருடமாக எல்லோருக்கும் தெரிந்த தேதி. லெஃப்ட் பேக் ஒரு கிராஸை விட்டதற்கு ஊரப்பாக்கம் வரை வந்த விசாரணை, இதற்கு எழும்பூர்கூடத் தாண்டவில்லை. 2015 வெள்ளம் மாதிரிதான். செம்பரம்பாக்கம் ஷட்டரை யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்று இன்றும் டீக்கடையில் சண்டை நடக்கும். ஏரிக்குள் பிளாட் போட்டது யார், பட்டா கொடுத்தது யார் என்ற சண்டை அவ்வளவு சுவாரசியப்படுவதில்லை.

அந்த வெள்ளத்தால் சென்னை தன் சொந்த அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டியிருந்தது. முடிச்சூர், ஊரப்பாக்கம் பக்கம் வீடுகளில் சேறு வழித்துக்கொண்டிருந்த நேரத்தில், டிசம்பர் 20, கோவாவின் ஃபத்தோர்டா மைதானத்தில் இறுதிப்போட்டி. கோவா கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி. சொந்த ஊர்க்காரர். ஆட்டத்தின் நடுவே சென்னையின் மெண்டோஸா அடித்த ஒரு பெனால்டியைத் தடுத்தார். 87-வது நிமிடத்தில் கோவா 2-1. கோப்பை கிட்டத்தட்ட வீட்டுக்கு வந்துவிட்டது. 90-வது நிமிடத்தில் பந்து கட்டிமணியின் மேல் பட்டு உள்ளே போனது. அவர் பெயரில் சேம் சைடு கோல். இரண்டு நிமிடத்தில் மெண்டோஸா இன்னொன்று. சென்னை 3-2.

நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டிய ஆட்டம்தான். பெனால்டியை வீணடித்த மெண்டோஸா ஹீரோ. அதைத் தடுத்த கட்டிமணி வில்லன். கடைசி கோலை அவ்வளவு சுலபமாக அடிக்கவிட்ட தடுப்பு வரிசையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. பின்னால் ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனார். 2022 மார்ச் 20, ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி, மறுபடி அதே ஃபத்தோர்டா. எதிரே கேரளா. 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. கட்டிமணி மூன்றைத் தடுத்தார். ஹைதராபாத் 3-1 என்று ஜெயித்து முதல் முறையாகக் கோப்பையை வாங்கியது.

அந்த ஆட்டத்தில் 88-வது நிமிடம் வரை கேரளாதான் 1-0 என்று முன்னால் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தைக் காப்பாற்ற முடியாதது பதினோரு பேரின் கணக்கு. பெனால்டி அடித்துத் தடுக்கப்பட்டவர்கள் மூன்று பேர். அன்று ராத்திரி திட்டு வாங்கியது எந்தக் கணக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று பெயரையும் நான் இங்கே எழுதவும் போவதில்லை.