வலித்தலும் துழாவுதலும்

கலத்தைக் கையாற் செலுத்தும் தொழிலைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. அவற்றை ஒருபொருட் கிளவிகளாகக் கருதி, எல்லாவற்றிற்கும் ‘துடுப்புப் போடுதல்’ என்றே பொருளெழுதும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அது பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

ஆழமில்லா நீரிற் கோலை நிலத்திற் பதித்துக் கலத்தை உந்துதல் ஊன்றுதல் எனப்படும். திருநாவுக்கரசர் திருவொற்றியூர்ப் பதிகத்தில் மனத்தைத் தோணியாகவும் மதியைக் கோலாகவும் உருவகித்து, ஊன்றுதல் என்னும் வினையையே ஆண்டார். ஆண்டுக் கோலைத் துடுப்பெனக் கொள்வார் உருவகத்தின் வலியை இழப்பர். கோல் அடிநிலத்தைத் தொட்டாலன்றிப் பயன்படாது. துடுப்போ நீரளவில் நின்றுவிடும்.

துழாவுதல் அடுக்களைக்கும் உரிய சொல். குறுந்தொகை 167ஆம் பாட்டில் தலைவி புளிக்குழம்பு சமைக்குமிடத்துத் ‘துழந்து’ என்னும் வடிவம் வருகின்றது. மலையாளத்தில் ‘துழ’ என்பதே துடுப்பின் பெயர். கடலுக்குத் தொலைவாய், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த புளியங்குடிப் பகுதியிலும் களி கிண்டும் மரக்கருவி துடுப்பு எனப்படுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. கலத்திற் பிணிக்காது கையில் ஏந்திய கருவியால் நீரைத் தள்ளுதலே துழாவுதல். துழாவுவோன் செல்லுந் திசையை நோக்கியிருப்பான்.

வலித்தல் இதனின் வேறு. வலித்தலாவது இழுத்தல். கலத்தின் விளிம்பிற் பொருத்திய நெடுந்தண்டைத் தன் மார்பை நோக்கி இழுப்பவன் பெரும்பாலும் செல்லுந் திசைக்கு முதுகு காட்டியே அமர்வான். மாற்கு நற்செய்தியின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, எதிர்காற்றிற் சீடர் உற்ற வருத்தத்தைக் கூறுமிடத்துத் ‘தண்டு வலித்தல்’ என்றே வழங்குதல் காண்க.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஒலிம்பிக் விளையாட்டில் 1900 முதல் நடைபெறும் தண்டுப் படகோட்டமும், 1936இல் சேர்க்கப்பட்ட துழாவு படகோட்டமும் தனித்தனிப் போட்டிகள். நம் செய்தித்தாள்கள் இரண்டனையும் ‘துடுப்புப் படகுப் போட்டி’ என்றே எழுதுதலாற் படிப்போர் மயங்குகின்றனர். புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. முன்னதைத் தண்டு வலித்தல் என்றும், பின்னதைத் துழாவுதல் என்றும் வழங்கினால் அமையும்.

வினையின் இயல்பறிந்து சொல்லைத் தேர்தல் உரையாசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒப்ப வேண்டப்படுவது. உடல் எத்திசை நோக்கியது, விசை எதன்மேற் சென்றது என்பவற்றை நம் முன்னோர் வினைச்சொல்லிலேயே பொதிந்து வைத்தனர். அகராதி தொகுப்போர் அவற்றைப் பிரித்துக் காட்டுவாராயின், வழக்கிழந்து வரும் இச்சொற்கள் மீண்டும் ஆட்சி பெறும்.