ஜெபமும் தளர்வும்: ஹெர்பர்ட் பென்சனின் நூல்களை முன்னிட்டு

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் இருதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட "தி ரிலாக்சேஷன் ரெஸ்பான்ஸ்" மருத்துவ நூலேயாயினும், போதகரின் மேசைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மன அமைதிக்கு வழி கேட்டு வரும் விசுவாசிகளுக்கு அதிலுள்ள முறையை ஜெபமுறை என்றே கற்பிக்கும் ஊழியர்களும் உண்டு. எனவே அந்நூலையும், அதன் தொடர்ச்சியாக 1984-இல் வந்த நூலையும் இறையியல் நோக்கில் ஆராய்வது நம் கடமையாகிறது.

நூலாசிரியருக்கு உரிய நன்மதிப்பை முதலில் அளித்துவிடுவோம். ஆழ்நிலைத் தியானம் பயின்றோர் அவரது ஆய்வுக்கூடத்தை நாடி வந்தபோது, அவர்களுடைய கோட்பாட்டை அவர் ஏற்கவுமில்லை, இகழவுமில்லை. அவர்களுடைய மூச்சையும் இரத்தத்தையும் அளந்தார். தியானத்தில் அமர்ந்த சில நிமிடங்களில் உடல் உட்கொள்ளும் பிராணவாயு குறைந்தது, மூச்சு தணிந்தது, இரத்தத்தில் லாக்டேட் என்னும் பொருளின் அளவு இறங்கியது. அபாயத்தைக் கண்ட உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாவதை வால்ட்டர் கேனன் அதே ஹார்வர்டில் முன்னரே விளக்கியிருந்தார். அதற்கு நேர்மாறான நிலையொன்றும் உடலில் பொதிந்துள்ளது என்பதே பென்சனின் முடிவு. இதில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை. தியானம் என்ற சொல்லைக் கேட்டவுடனே பிசாசின் தந்திரம் எனப் பிரசங்கிப்போர் இப்பகுதியையேனும் வாசிப்பது நலம்.

அளவைக்கு உட்படும் இந்த நேர்மையை 'ஆற்றல் சிகிச்சை' எனப்படுவனவற்றில் எதிர்பார்க்க இயலாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறைப் பேராசிரியை டொலோரஸ் கிரீகர், டோரா குன்ஸ் அம்மையாருடன் 1970-களின் தொடக்கத்தில் 'தெரப்யூட்டிக் டச்' என்னும் முறையைத் தோற்றுவித்தார். நோயாளியைத் தொடாமலே அவரைச் சூழ்ந்த ஆற்றலைக் கைகளால் உணர்ந்து சீராக்கலாம் என்பது அதன் கொள்கை. பிராணன் என்ற நம் நாட்டுச் சொல்லையே கிரீகர் கையாண்டார். எமிலி ரோசா என்னும் பள்ளிச் சிறுமி, இம்முறையில் பயின்ற 21 பேரை ஒரு தடுப்புக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டச் செய்து, தன் கை அவர்களது எந்தக் கைக்கு அருகில் உள்ளதென்று கேட்டாள். 280 முறைகளில் 123 முறையே விடை சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறையப் பாதி சரியாகியிருக்கும்! 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழே இதனை வெளியிட்டது.

ஆயினும் பென்சனிடம் நமக்குள்ள வழக்கு வேறு. அவர் தம் முறைக்கு நான்கு கூறுகளை வகுக்கிறார்: அமைதியான இடம், மனத்தை நிலைநிறுத்த ஒரு சொல், எதையும் வலிந்து தேடாத மனப்பான்மை, வசதியாக அமரும் நிலை. சொல் எதுவாயினும் ஆகலாம். 'ஒன்று' என்பதே போதும் என்கிறார். பின்னர் ஆதோஸ் மலைத் துறவிகளின் இயேசு ஜெபத்தை எடுத்துக்காட்டி, அங்கும் இவையே உள்ளன என நிறுவுகிறார். உள்ளன என்பது மெய்யே. ஆனால் அத்துறவி ஆண்டவரின் நாமத்தைச் சொல்லி இரக்கம் கேட்கிறான். அங்கே அழைக்கப்படுபவர் ஒருவர் உண்டு. அழைப்பவன் தன்னைப் பாவியென்று அறிந்தவன். மறுமொழி அவன் கையில் இல்லை. இவற்றை நீக்கிவிட்டு மூச்சையும் சொல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டால் எஞ்சுவது ஒரு பயிற்சி. நல்ல பயிற்சிதான், ஜெபமன்று. 1984-ஆம் ஆண்டு நூலிலோ சிக்கல் இன்னும் கூடுகிறது. அவரவர் சமயத்தில் பற்றுள்ள சொல்லைப் பயன்படுத்தினால் பலன் மிகும் என்கிறார். முதல் நூலில் தேவன் வெளியே நின்றார். இரண்டாவதில் உள்ளே அழைக்கப்பட்டு மருந்துச் சீட்டில் எழுதப்படுகிறார். முன்னதே மேல் என்பது நம் எண்ணம்.

மாற்கு 5-ஆம் அதிகாரம் நமக்கு எதிரான சான்று போலத் தோன்றலாம். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாடுள்ள ஸ்திரீ வஸ்திரத்தைத் தொடுகிறாள், வல்லமை புறப்படுகிறது, ஒரு வார்த்தையும் பேசப்படாமலே சுகம் கிடைக்கிறது. கதை அங்கே முடிந்திருந்தால் ஆற்றல் சிகிச்சையாளர் கூற்றுக்கு இடமுண்டு. ஆனால் யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருக்கையில், நெருக்கும் கூட்டத்தின் நடுவே இயேசு நின்று, தொட்டவர் யாரென்று கேட்கிறார். அவள் உண்மை யாவையும் சொல்லுமட்டும் காத்திருந்து, மகளே என்று அழைக்கிறார். சுகம் பெற்றவள் முகமற்றவளாய்த் திரும்பிப் போவதை அவர் விரும்பவில்லை.

பென்சன் முன்னின்று நடத்தி 2006-இல் வெளியான ஆய்வை இவ்வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை பெற்ற 1802 பேர் அதில் இடம்பெற்றனர். தமக்காக ஜெபம் நடக்கிறதா என அறியாதோரில், ஜெபிக்கப்பட்டவர்களுள் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களுள் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. நிச்சயமாக ஜெபிக்கப்படுகிறது என்று அறிந்தோருக்கோ 59. தேவனைச் சோதிக்கலாகாது என்று கூறி இதனை ஒதுக்கிவிடுவது எளிது. நம் கருத்தைக் கவர்வது வேறொரு செய்தி: ஜெபித்த குழுவினரிடம் நோயாளியின் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துமே தரப்பட்டன, சொல்லவேண்டிய வாக்கியமும் வகுத்துத் தரப்பட்டது, 14 நாட்கள் என்ற கணக்கும் இருந்தது. முகமறியாதவர்களுக்காகச் சபை ஞாயிறுதோறும் மன்றாடுகிறது. ஆகவே அது வீண் ஜெபம் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் யாரோ ஜெபிக்கிறார்கள் என்ற அறிவிப்பு மட்டுமே நோயாளியை எட்டியது. ஜெபிக்குமளவுக்குத் தம் நிலை மோசமோ என்ற கலக்கம் சிலரைப் பற்றியிருக்கலாம் என்பது அப்போது கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. வார்டின் வாசலிலேயே நின்று, "சபையே உங்களுக்காக ஜெபிக்கிறது, ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் ஊழியர் இவ்விளக்கத்தைச் சிந்திக்கவேண்டும்.

பென்சன் 2022-இல் மறைந்தார். அவரது முதல் நூலை, உறக்கம் வராத விசுவாசிக்கும், மருந்தை நிறுத்தாதிருக்கும் நிபந்தனையோடு இரத்த அழுத்தமுள்ள போதகருக்கும் நாம் தயங்காது பரிந்துரைப்போம். ஆதோஸ் மலை பற்றிய பகுதியை மட்டும் இறையியல் மாணவர் மாற்குவை அருகில் விரித்து வைத்துக்கொண்டு வாசிக்கட்டும்.